தொப்பியும் அரைமூடியும்

குழந்தையின் சட்டையில் என்ன அரசியல் என்று கேட்பவர்கள், ஜூன் மாதக் காலையில் கரையான்சாவடி சந்திப்பில் பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும். வேன்களில் நெருக்கியடித்துப் போகும் பிள்ளைகளின் கழுத்தில் டை, காலில் முட்டிவரை சாக்ஸும் கறுப்பு ஷூவும். பெரிய வகுப்புப் பெண்களுக்கு சுடிதாரின் மேல் ஒரு கோட்டு வேறு. நம் ஊர் வெயிலுக்கும் இந்த உடைக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை. இந்த உடைக்கு உறவெல்லாம் அதிகாரத்தோடுதான்.

பக்கத்துப் பூந்தமல்லி வெள்ளையர் காலத்தில் ராணுவக் கண்டோன்மென்ட். இந்த நாட்டில் வளர்ந்த ஆங்கிலேயக் குழந்தைகளின் உடைக்கு அன்று கடுமையான விதிகள் இருந்தன. வெயில் பட்டால் மூளை கலங்கும் என்று தலையில் நெட்டித் தொப்பி. வயிற்றில் குளிர் பட்டால் காலரா வரும் என்று இடுப்பில் ஃபிளானல் பட்டை. அதற்குப் பெயரே காலரா பெல்ட். காலரா தண்ணீரில் பரவும் நோய் என்று தெரிந்த பின்பும் அந்தப் பட்டை நெடுநாள் அவிழவில்லை. ஏனென்றால் அது காத்தது வயிற்றை மட்டுமல்ல, இனத்தையும்தான். ஆயாவின் இடுப்பில் வளர்ந்து, அவள் மொழியை மழலையாகப் பேசிய பிள்ளை 'நேட்டிவ்' ஆகிவிடக் கூடாது. ஏழெட்டு வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றும்வரை உடைதான் வேலி.

அந்தத் தொப்பியின் நாடாவைக் கட்டிவிட்டவள் நம் பெண். அவள் பெற்ற பிள்ளை அதே வெயிலில் வெறுந்தலையோடு, அரைஞாண்கயிறோடு ஆடித் திரிந்தது. யாருக்கும் மூளை கலங்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் வெற்றுடம்புக்கு 'அநாகரிகம்' என்று பெயர் வைக்கப்பட்டது.

இங்கே நிறுத்தினால் பண்பாட்டுக் காவலர்கள் கைதட்டுவார்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி. ஆண் குழந்தைக்கு அரைஞாண் போதும் என்று விட்ட அதே வீட்டில், நடை பழகாத பெண் குழந்தைக்கு மட்டும் வெள்ளியில் அரைமூடி செய்து கட்டியது யார்? கப்பலில் வந்தவனா? பெண்ணுடல் மறைக்கப்பட வேண்டியது என்ற பாடத்தைத் தொட்டிலிலேயே தொடங்கியவர்கள் நாம்.

மறைக்கச் சொன்ன சாதிதான் மறைக்காதே என்றும் சொன்னது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காக அடிபட்டார்கள், ஆடைகள் கிழிக்கப்பட்டன. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலை 26-இல் வந்த அரசாணையும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. நாகர்கோவில் மிஷன் விடுதியில் சிறுமிகள் எழுத்துப் படித்தார்கள், குப்பாயம் அணிந்தார்கள், ஐரோப்பியச் சீமாட்டிகளுக்காக லேஸ் பின்னினார்கள். அந்தக் குப்பாயத்தில் விடுதலையும் இருந்தது, மிஷனின் ஒழுக்கக் கட்டுப்பாடும் இருந்தது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க நான் தயாரில்லை. வெள்ளையன் கொடுத்தது என்பதற்காக ஓர் உடை கெட்டதாகிவிடாது. நம் பாட்டி கட்டியது என்பதற்காக நல்லதாகிவிடவும் செய்யாது. அதை உடுத்தும் உடம்பு எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்பதுதான் என் கேள்வி.

சீருடைக்கு நான் எதிரி அல்ல. காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையை நடத்திய காலத்தில், மதிய உணவோடு சீருடையும் நம் பள்ளிகளில் பரவியது. சட்டையைப் பார்த்துச் சாதியையும் வறுமையையும் படித்துவிடும் கண்களை அது கொஞ்சமாவது மறைத்தது. இன்றும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள் தைக்கிறார்கள். அந்தச் சீருடை சமன்செய்ய வந்தது. தனியார் பள்ளியின் டை பிரித்துக் காட்ட வந்தது. நெட்டித் தொப்பி செய்த அதே வேலை. இவன் அந்தத் தெருப் பிள்ளை இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கோட்டுக்கு வருவோம். என் மகளுக்கு எட்டாம் வகுப்பில் அது வந்தது. காரணம் கேட்டேன். "பொம்பளைப் பிள்ளைங்க மேடம், பாதுகாப்புக்குத்தான்" என்றார்கள். பாதுகாப்பு! வெள்ளைக்காரக் குழந்தைக்குத் தொப்பி மாட்டியபோதும் இதே சொல்தான். அன்று வெயிலைப் பகை என்றார்கள். இன்று யாரைச் சொல்கிறார்கள்? கூடப் படிக்கும் பையன்களையா, பாடம் நடத்தும் ஆசிரியர்களையா? அவர்கள் கண்ணுக்கு விதி எழுதத் துணியாத நிர்வாகம், பதின்மூன்று வயதுப் பெண்ணின் மீது இன்னொரு அடுக்குத் துணியைப் போர்த்துகிறது. அவள் வியர்வையில் நனைகிறாள். விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார்கிறாள். தோளைக் குறுக்கி நடக்கக் கற்றுக்கொள்கிறாள். அரைமூடியும் காலரா பெல்ட்டும் ஒரே துணியில் சேர்ந்து தைக்கப்பட்ட உடை அது.

மாற்ற முடியாததா? கேரளத்தில் வளையன்சிறங்ஙர அரசுத் தொடக்கப் பள்ளியில் 2018-இல் ஆண், பெண் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி முக்கால் கால்சட்டையும் சட்டையும் சீருடையாக வந்தன. வானம் இடிந்து விழவில்லை. பிள்ளைகள் ஓடினார்கள், மரம் ஏறினார்கள்.

நமக்கும் வேண்டும். டை போகட்டும், கோட்டு போகட்டும். பருத்தித் துணி வரட்டும். பெண் பிள்ளையின் உடையில் ஆழமான பை இருக்கட்டும். என்ன உடை என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அதை உடுத்தப்போகிற பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவள் சொல்லட்டும், எங்கே இறுக்குகிறதென்று.