மெல்லப் பேசுபவனுக்கும் இடம் வேண்டும்

அல்ட்ரா வைட்பேண்ட் என்றாலே 'மற்ற கருவிகளுக்கு இடைஞ்சல்' என்றுதான் பரீட்சையில் எழுதுகிறோம். எனக்கென்னவோ, அடி வாங்குவதே அதுதான் என்று படுகிறது. அமெரிக்காவில் 2002-ல் அதற்கு 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை இடம் கொடுத்தார்கள். ஆனால் மெகாஹெர்ட்ஸுக்கு 74 நானோவாட்டைத் தாண்டக்கூடாது. 2020-ல் அதே இடத்தில் 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை விட்டார்கள். வீட்டுக்குள் வைக்கும் பெட்டிக்கே 3 மில்லிவாட். 40,000 மடங்கு! தறி ஓடுகிற வீட்டில் அம்மா கூப்பிட்டால் காதில் விழாது, அதே கதைதான். (அப்பாவிடம் சொன்னேன். "அப்போ தறியை நிறுத்தச் சொல்லு"ன்னார். எங்க வீட்டில் முதல் படிப்பு என்னுடையது, விவாதம் இப்படித்தான்!) லைசென்ஸ் இல்லாதவன் புகார் சொல்ல முடியாது என்பது அங்கே சட்டம். 8 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஒதுங்கினாலும், 2027 உலக வானொலி மாநாட்டில் அதையும் கைப்பேசிக்குத் தரலாமா என்று பேசப்போகிறார்கள். கார் சாவியின் தூரத்தை அளப்பது இந்த மெல்லிய குரல். அந்த ஒரு சேனலையாவது விட்டுவைக்கணும்.