பெத்தவங்க ஏடிஎம் கார்டு யார் கையில இருக்கு தோழர்களே?

முதியோர் உதவித்தொகை 2023ல் 1000லிருந்து 1200 ரூபாய் ஆனது. அந்தப் பணம் இல்லத்துல இருக்குற ஒரு பாட்டி கைக்கு முழுசா போகுதான்னு யாராவது பார்க்குறோமா?

நம்ம செந்துறை நிலைமை தெரிஞ்சதுதான். முந்திரிக்காட்டை மட்டும் நம்பி வாழ முடியாம பிள்ளைங்க சென்னை, திருப்பூர், சிங்கப்பூர்னு போயாச்சு. பார்த்துக்க ஆள் இல்லாதவங்க முதியோர் இல்லத்துல சேர்றாங்க. குறைஞ்ச சம்பளத்துல மலம், மூத்திரம் சுத்தம் பண்ணி, சோறு ஊட்டுற நல்ல ஊழியர்களுக்கு நம்ம வணக்கம். ஆனா ஒரே ஒரு கெட்ட ஆள் போதும்.

இதுக்குப் பெரிய ஹேக்கிங் எல்லாம் தேவையில்லை. ஏடிஎம் கார்டும் சிம்மும் ஒரே ஆள்கிட்ட இருந்தா யுபிஐ பின்னைப் புதுசா போட்டுடலாம். மைக்ரோ ஏடிஎம்ல ஆதார் நம்பரும் கைரேகையும் போதும். பணம் எடுத்த எஸ்எம்எஸ் அதே போனுக்குத்தான் வரும். குடும்பத்துக்கு எதுவுமே தெரியாது.

சட்டம் என்ன சொல்லுது? 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23வது பிரிவுப்படி, பார்த்துக்குறேன்னு சொல்லி சொத்தை எழுதி வாங்கிட்டுக் கைவிட்டா, அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். ஆனா மாசாமாசம் பென்ஷன்ல 200, 300 உருவுறதை அந்தப் பிரிவால தடுக்க முடியாது. பொருளாதாரச் சுரண்டலையும் கொடுமைன்னு சேர்த்து, இல்லங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்க ஒன்றிய அரசு 2019ல் மசோதா கொண்டுவந்தது. நிறைவேத்தவே இல்லை. 2024ல் மக்களவையோட சேர்ந்து அதுவும் காலாவதி! இங்கிலாந்துல 2014லயே இதைச் சட்டத்துல எழுதிட்டாங்க.

கண்காணிப்பு இல்லாட்டி என்ன ஆகும்னு விழுப்புரம் குண்டலப்புலியூர்ல 2023ல் பார்த்தோம். காணாமப்போன ஒரு பெரியவரைத் தேடி உயர்நீதிமன்றம் போன பிறகுதான், ஆசிரமம் அனுமதி இல்லாம நடந்ததே வெளியே வந்துச்சு.

நம்ம கோரிக்கை:

👉 ஒவ்வொருத்தருக்கும் தனி வரவு செலவு நோட்டு, ரெண்டு பேர் கையெழுத்து, மாசாமாசம் குடும்பத்துக்கு நகல்.

👉 இல்ல ஊழியர் யாரும் நாமினியாகவோ, பவர் ஏஜென்டாகவோ, உயில் சாட்சியாகவோ இருக்கக்கூடாது.

👉 சமூக நலத்துறை ஆய்வுக்குப் போனா சமையலறையோட கணக்கு நோட்டையும் பார்க்கணும்.

👉 70 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டு வாசலிலேயே சேவை தரச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017லயே சொல்லிடுச்சு. வங்கிகள் இல்லங்களுக்கு நேர்ல வந்தா கார்டை அடுத்தவங்ககிட்ட கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்க இன்னைக்கே செய்ய வேண்டியது: எம்ஆதார் ஆப்ல கைரேகையை லாக் பண்ணுங்க, தேவைப்படும்போது மட்டும் திறங்க. சந்தேகம் வந்தா முதியோர் உதவி எண் 14567. ஆன்லைன்ல பணம் போயிருந்தா உடனே 1930.

அடுத்த தடவை ஹார்லிக்ஸ் பாட்டிலோட பார்க்கப் போகும்போது, பாஸ்புக்கையும் வாங்கி என்ட்ரி போட்டுப் பாருங்க. வெளியூர்ல இருக்குற நம்ம ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்கும் பகிருங்க தோழர்களே!

#முதியோர்_பணம்_முதியோருக்கே
#செந்துறை #அரியலூர்