வயது கொல்லவில்லை, புகை கொல்கிறது!

குடிசையிலோ மில் லைன் வீட்டிலோ ஒரு மூதாட்டி மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்கிறாள். "அறுபது தாண்டிவிட்டது, காலம் வந்தது, போய்ச் சேர்ந்தாள்" என்கிறார்கள். டாக்டர் "மாரடைப்பு" என்று எழுதுகிறார். பதினாறாம் நாளோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

முடியவில்லை என்கிறோம் நாம்! நாற்பது ஆண்டுக் காலம், தினம் இரண்டு வேளை, அவள் விறகுப் புகையைக் குடித்தாளே, அந்தக் கணக்கை யார் பார்த்தார்கள்?

புகை என்றால் கண் எரிச்சல், இருமல் என்றுதான் நினைக்கிறோம். இருதயத்தைத் தாக்குவது கண்ணுக்குத் தெரியாத தூள். தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும் இந்தத் துகள்கள் நுரையீரலின் அடிவரை இறங்குகின்றன. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் கட்டிதட்டும் தன்மை கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் குழாயின் உட்சுவர் தடித்து வழி அடைபடுகிறது. கூடவே வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. வாலிபத்தில் தாங்கிய இருதயம் அறுபதில் தாங்குமா?

2020-ல் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இருதய ரத்தக்குழாய் அடைப்பால் மாண்டவர். ஐந்தில் ஒருவருக்கு மேல் பக்கவாதத்தால் மாண்டவர்கள்.

வயதுதான் காரணம் என்போருக்கு டிட்ராயிட் பதில் சொல்கிறது. அமெரிக்காவின் அந்த மோட்டார்த் தொழில் நகரத்தில், ஏழை முதியோர் குடியிருப்பு ஒன்றில் 40 பேரின் வீடுகளில் காற்றை வடிகட்டும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. வடிகட்டி இல்லாத போலிக் கருவி ஓடிய நாட்களைவிட, நல்ல கருவி ஓடிய மூன்றே நாட்களில் மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 3 புள்ளி குறைந்திருந்தது. அந்த முதியோரின் வயது குறையவில்லை, காற்றுதான் மாறியது! அவர்கள் முன்பு சுவாசித்த தூசி கனமீட்டருக்குச் சுமார் 15 மைக்ரோகிராம். விறகடுப்பு எரியும்போது நம் குடிசையில் அது பல நூறு!

உபதேசம் செய்யும் கனவான்கள் உடனே வருவார்கள். "ஜன்னலைத் திறந்து வையுங்கள், காலையில் நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்பார்கள். ஒற்றை வாசல் குடிசையில் எந்த ஜன்னலைத் திறப்பது? பகலெல்லாம் குனிந்து நாற்று நட்டவளுக்கு நடைப்பயிற்சியா? "கிராமத்து ஜனங்களுக்கு விறகுதான் பழக்கம், அதைக் கைவிட மாட்டார்கள்" என்றும் சொல்கிறார்கள்.

இது புளுகு! விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களிலும், குவாதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாதிக் குடும்பங்களுக்கு அடுப்பும் 18 மாதத்துக்கு எரிவாயுவும் இலவசமாக வீடு தேடி வந்தன. அநேகமாக எல்லோருமே விறகைக் கைவிட்டார்கள். 2022-ல் வெளிவந்த முடிவின்படி, விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த தூசி 70 மைக்ரோகிராம். எரிவாயு பெற்றவர்களுக்கு 24. ஆகவே தடையாக நிற்பது பழக்கமல்ல, விலை!

2016 மே 1-ல் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கினார்கள், இணைப்புக் கொடுத்தார்கள், படம் போட்டு விளம்பரம் செய்தார்கள். அடுத்த சிலிண்டருக்கு வழி? உஜ்வலா குடும்பம் ஆண்டுக்குச் சராசரி நான்கு சிலிண்டர்கூட வாங்கவில்லை என்று 2019-ல் சர்க்காரின் தலைமைத் தணிக்கையாளரே அம்பலப்படுத்தினார். 2022-ல் விலை 1,000 ரூபாயைத் தாண்டியது. அந்தக் குடும்பங்களுக்கு அவ்வாண்டு 200 ரூபாயும், 2023-ல் 300 ரூபாயும் மானியம் என்றார்கள். மீதிப் பணத்துக்கு, வேலையில்லாத மாதத்தில் விவசாயத் தொழிலாளி எங்கே போவான்? காலி சிலிண்டர் மூலையில் நிற்கிறது. அவன் மனைவி கருவேல முள் வெட்டப் போகிறாள்.

தமிழ்நாட்டில் 2021 முதல் ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் மாத்திரையை விழுங்கிவிட்டு அவள் மறுபடி அதே புகைக்குள்தானே குனிகிறாள்!

பஞ்சாலைத் தோழரின் கதியும் வேறல்ல. ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசி, வீட்டிலே புகை. ரிடையரான பிறகு மூச்சு வாங்கினால் "வயதாகிவிட்டது" என்ற அதே பதில்!

நம்மீதும் குற்றம் உண்டு. கூலிக்குப் போராடினோம், போனஸுக்குப் போராடினோம். அடுப்படி நம் கோரிக்கைப் பட்டியலில் ஏறவில்லை. அதைப் பெண்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி பிடித்து, நம் பங்குக்கும் புகை சேர்த்தோம். இரண்டையும் இன்றே திருத்துவோம்.

நாம் கேட்பவை இவை: விவசாயத் தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்கு மேல் சிலிண்டர் விலை போகக் கூடாது. சர்க்கார் கட்டித்தரும் ஒவ்வொரு வீட்டிலும் புகைபோக்கியும் எதிரெதிர் ஜன்னலும் உள்ள சமையலறை வேண்டும். ஒவ்வொரு மில்லிலும் தூசி உறிஞ்சும் யந்திரம் ஓட வேண்டும். ஓய்வு பெற்ற தொழிலாளிக்கும் அவர் மனைவிக்கும் ஆண்டுதோறும் இருதயப் பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும்.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். எந்த வீட்டில் எந்த அடுப்பு, எத்தனை சிலிண்டர், யாருக்கு நெஞ்சுவலி என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு தாலுகா ஆபீஸுக்கு ஊர்வலமாகப் போவோம். நம் தாய்மார்களின் மூச்சு மலிவானதல்ல!