நிந்தவூரின் வெக்கை: ஏசிக்கு முன் கூரையைப் பார்ப்போம்

கச்சான் வீசும் மே முதல் ஆகஸ்ட் வரையான நாட்களில் நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை எங்கும் ஒரே பேச்சு வெக்கைதான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் கிழக்கு மாகாணத்துக்கு வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுப்பதும் வழமையாகிவிட்டது. வீட்டைக் குளிராக்க எதில் காசைப் போடுவது என்பது இப்போது குடும்பங்களின் உண்மையான கேள்வி.

முதலில் மின் பட்டியலைப் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் உயர்ந்தது. பின்னர் குறைப்புகள் வந்தன. 2025 ஜூனில் மறுபடி 15 சதவீதம் ஏறியது. மாதம் 60 அலகைத் தாண்டினால் வேறு கட்டண வகுப்பு. 180ஐத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மிக உயர்ந்த விலை.

70 வாற் மின்விசிறி இரவில் எட்டு மணித்தியாலம் சுழன்றால் மாதம் சுமார் 17 அலகு. 30 வாற்றில் இயங்கும் புதிய வகை விசிறிக்கு 7 அலகு போதும். ஓர் அறைக்கான இன்வேர்ட்டர் ஏசி சராசரியாக 500 வாற் எடுத்தால் 120 அலகு. ஏற்கெனவே 80, 90 அலகு பாவிக்கும் வீடு ஒரே ஏசியால் உச்ச விலைக்குப் போய்விடும். கடற்கரையின் உப்புக்காற்று வெளி அலகை அரித்துத் தின்னும் செலவு தனி.

ஏர் கூலர் நீரை ஆவியாக்கிக் குளிர் தருவது. வறண்ட கச்சானில், யன்னலைத் திறந்து வைத்தால் ஓரளவு உதவும். மற்றைய மாதங்களில் நமது ஈரக்காற்றில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

நோர்வே, கனடாவில் பேசப்படும் நில வெப்பப் பம்பிகள் இங்கு பொருந்துமா? அவை நிலத்தடியில் குழாய் பதித்து வெப்பத்தை இடம் மாற்றும் கருவிகள். சில மீற்றர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். அங்கே பனிக்காலத்தில் காற்றைவிட மண் சூடு. அதனால் பெரிய இலாபம். இங்கே அந்தச் சராசரியே சுமார் 28 பாகை. சூடாக்கும் தேவையும் இல்லை. ஆண்டு முழுவதும் வீட்டு வெப்பத்தை மண்ணுக்குள் தள்ளினால் மண்ணும் மெல்லச் சூடேறும். கிடைக்கும் சிறு சேமிப்புக்கு ஆழ்துளைச் செலவு கட்டாது.

உண்மையில் நம் வீடுகளுக்குள் பகல் வெப்பத்தின் பெரும்பங்கு மேலிருந்து வருகிறது. கறுத்துப்போன சீற் பகலில் நேராக வெப்பத்தை இறக்குகிறது. கொங்கிறீட் தட்டு அதைச் சேமித்து இரவில் படுக்கையின்மேல் விடுகிறது. கூரைக்கு வெள்ளை பூசினாலே உள்ளே சில பாகை குறையும். தெலங்கானா 2023இல் இதற்கெனக் குளிர்கூரைக் கொள்கையையே வெளியிட்டது. பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை மட்டும் உலர்வாகச் சுரண்டக்கூடாது. அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து.

இன்னொன்றையும் பேசவேண்டும். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நமது வழக்கம். ஒரு வளவு மூன்று மகள்மாருக்கு மூன்றாகப் பிரிகிறது. முற்றம் போகிறது, மரம் போகிறது, சுவரோடு சுவர் ஒட்டுகிறது. காற்று வர வழியில்லாத ஒழுங்கையில் ஒரு வீட்டு ஏசி கக்கும் வெப்பம் அடுத்த வீட்டு யன்னலுக்குள்தான் போகிறது. அந்த வீட்டில் ஏசி வாங்க வசதியில்லாத குடும்பம் இருக்கலாம். பகலெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளுமே அதை அனுபவிக்கிறார்கள்.

நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டுக்கு ஏசி ஆடம்பரமல்ல. ஆனால் வெள்ளைக்கூரை, எதிரெதிர் யன்னல், சிக்கன விசிறி ஆகியவற்றுக்குப் பிறகு வரவேண்டியது அது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்குவது பிரதேச சபை. எல்லைச் சுவரையும் வடிகானையும் பார்ப்பதுபோல, காற்றுக்கு வழி விடப்பட்டிருக்கிறதா என்பதையும் சபை கண்டிப்பாகப் பார்க்கட்டும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை.