வீட்டிற்கென ஒரு செருப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி முதலில் செய்வது, வாசற்படியில் அமர்ந்து கனத்த பூட்சுகளைக் கழற்றுவதாகும். இரும்பாலைகளின் துருவும் துகளும் அவற்றில் ஒட்டியிருக்கும். குழந்தை தவழும் கூடத்திற்குள் அவற்றை யார் அனுமதிப்பர்? காலணியை வாசலில் விடுவது அறிவுடைய வழக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் கேட்பது வேறொன்று. வெளியில் அணிவது வெளியிலேயே கிடக்கட்டும். வீட்டிற்கெனத் தனியே ஒரு செருப்பு இருத்தலாகாதா?

இவ்வினா நம் இல்லத்தில் எழுந்தது. நம் தந்தையார் நெடுங்காலமாக நீரிழிவு உடையவர். வீட்டிற்குள்ளும் செருப்பு அணியுமாறு மருத்துவர் பலமுறை கூறியும் அவர் இணங்கவில்லை. "தொழுகிற வீட்டில் செருப்புக் காலோடு நடப்பதா?" என்பதே அவர் விடை. ஒருநாள் கூடத்தில் அமர்ந்து நாம் விடைத்தாள் திருத்தியபோது கீழே விழுந்த ஸ்டேப்ளர் ஊசியொன்று அவர் பாதத்தில் ஏறியது. வலித்திருந்தால் சொல்லியிருப்பார். மூன்றாம் நாள் பாயில் ஈரக் கறை கண்டு தாயார் பாதத்தைத் திருப்பிப் பார்த்த பின்னரே செய்தி தெரிந்தது. ஒரு கால்விரலை எடுக்க நேர்ந்தது. ஊசி நம்முடையது; அதனை நாம் மறக்கவில்லை.

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பின் பாத நரம்புகள் கெட்டு உணர்ச்சி மங்கும். குருதியோட்டமும் குறைவதால் புண் எளிதில் ஆறாது. உணர்ச்சியற்ற பாதத்திற்குக் காலணியே காவல் என்னும் பாடத்தில் நம் வடதமிழ்நாட்டிற்கும் பங்குண்டு. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கால்களில் புண் மிகுவதற்கு வலி அறியாமையே பெருங்காரணம் எனக் கண்டார். அவர்களுக்கென அங்கே உருவான மென்ரப்பர்ச் செருப்பின் வழிவந்ததே, இன்று நீரிழிவாளர் 'எம்.சி.ஆர். செருப்பு' எனக் கேட்டு வாங்குவது.

இனித் தூய்மை பற்றிய தயக்கத்திற்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலணியுடனும் காலணியின்றியும் தொழுததாக அறிவிப்புகள் உள. காலணியில் அசுத்தம் கண்டால் துடைத்துவிட்டு அதனுடன் தொழலாம் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் உண்டு. கம்பளம் விரித்த பள்ளிவாசலுக்குள் காலணியுடன் செல்லுமாறு நாம் கூறவில்லை. விலக்கப்பட்டது அழுக்கேயன்றிக் காலணி அன்று என்பதே நம் கருத்து. ஜப்பானியர் தெருக்காலணியை வாசலில் களைந்து வீட்டுச் செருப்பை மாட்டுவர். பாய் விரித்த அறையின் விளிம்பில் அதனையும் கழற்றுவர். கழிப்பறைக்கு வேறொன்று வைத்திருப்பர். தூய்மையில் அவர்களை யார் குறை கூறுவர்? முஸல்லாவின் விளிம்பில் வீட்டுச் செருப்பைக் கழற்றி வைப்பது நமக்கும் அரிதன்று.

ஆயினும் நம்மவர் தயக்கம் முழுவதும் தூய்மை பற்றியதன்று. சங்க நூல்கள் 'தொடுதோல்' என வழங்கிய பொருளை எவ்வாறோ இழிபொருள் ஆக்கிவிட்டோம். அவ்விழிவை மனிதர்மேலும் ஏற்றினோம். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் ஒரு தெருவில் பட்டியல் சாதி மக்கள் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில் நாளேடுகளில் செய்தியாயிற்று. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950இல்! தன் வாசலில் தானே கழற்றுவது பண்பு. பொதுத்தெருவில் பிறரைக் கழற்றச் சொல்வது கொடுமை. இரண்டையும் ஒரே 'மரபு' என்னும் சொல்லால் மூடுவோரிடம் நாம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

இன்று நம் வீட்டில் தந்தையாரின் நீலச் செருப்பு கூடத்திலேயே இருக்கும், வாசற்படியைத் தாண்டாது. தாயார் வெள்ளிதோறும் அதனைக் கழுவி வெயிலில் வைப்பார். சென்ற நோன்புப் பெருநாளன்று பழவேற்காட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அதனைக் கண்டு, "என்ன மச்சான், வீட்டுக்குள்ளேயே செருப்பா?" என முகம் சுளித்தார். தந்தையார் மறுமொழி கூறவில்லை; செருப்பைக் கழற்றிப் பாதத்தை நீட்டிக் காட்டினார். உறவினரும் சர்க்கரைக்கு மாத்திரை உண்பவரே. புறப்படும்போது, அச்செருப்பு எந்தக் கடையில் கிடைக்கும் எனத் தாயாரிடம் கேட்டுச் சென்றார்.