முதலாளி ஊருக்குப் போனால் கடை நடக்குமா?



“நமக்கு எதுக்குங்க சிஸ்டம் எல்லாம்? நாம என்ன டிவிஎஸ் கம்பெனியா?”

பாடி, கொரட்டூர், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சிறு தொழில் நடத்துகிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே இப்படித்தான் சொல்வார்கள். லேத் பட்டறைக்காரர் சொல்வார், டெய்லரிங் யூனிட் வைத்திருக்கும் அக்கா சொல்வார், கேட்டரிங் எடுத்துச் செய்பவரும் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஐந்து பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஃபைலும் ஃபாரமும் எதற்கு?

ஆனால் இதைப் பாடிக்காரர்கள் சொல்லலாமா?

எம்.டி.ஹெச். ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கே கம்பெனிப் பெயர் வைத்த ஊர் இது. 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக வந்தன. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவுக்கு அந்தப் பரிசு வந்தது அதுவே முதல் முறை. அடுத்து 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2004-ல் லூகாஸ் டிவிஎஸ். மூன்றுக்கும் விலாசம் பாடி, சென்னை 600050!

டெமிங் ஓர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். 1950-ல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பொறியாளர்களுக்கு வகுப்பெடுத்தார். அந்த வகுப்புக் குறிப்புகள் புத்தகமாக விற்றதில் தனக்குச் சேரவேண்டிய தொகையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதைக் கொண்டுதான் மறு வருஷம் அவர் பெயரில் பரிசு ஏற்படுத்தினார்கள். அவர் சொல்லிக்கொண்டே இருந்தது ஒன்றுதான். தப்பு நடந்தால் ஆளைத் திட்டிப் பயனில்லை, வேலை நடக்கிற முறையில் எங்கே ஓட்டை என்று பாருங்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அப்பா முப்பது வருஷம் கம்பெனியில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்பேனரைக்கூடக் கோடு போட்ட இடத்தில்தான் வைத்துப் பழகியவர். பிள்ளை வைத்திருக்கும் பட்டறையிலோ வெர்னியர் எங்கே என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போகும். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

ஒரு மாவுக் கடையை எடுத்துக்கொள்வோம். வீட்டு வாசலில் ஒரு கிரைண்டரோடு ஓர் அக்கா ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தில் நல்ல பேர். அப்புறம் நாலு டீக்கடை, இரண்டு மெஸ், பக்கத்து அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குரூப் என்று ஆர்டர் கூடுகிறது. டில்டிங் கிரைண்டர் வருகிறது, உதவிக்கு ஒரு பெண் வருகிறாள். நல்ல வளர்ச்சிதானே?

ஆனால் அரிசிக்கு எவ்வளவு உளுந்து, வெயில் நாளில் எத்தனை மணிக்கு ஊறப்போடுவது, எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்த அக்கா தலைக்குள்ளேயே இருக்கிறது. புதுப் பெண் உப்பு எவ்வளவு என்று கேட்டால், “நேத்து மாதிரியே போடும்மா” என்கிறார். நேற்று போட்டது யார்? அக்காதான். அவர் தன் தங்கை வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்குப் போனாலும் நிமிஷத்துக்கு ஒரு போன். பந்தியில் உட்கார்ந்துகொண்டே “தண்ணி கொஞ்சம் குறைச்சு ஊத்து” என்று சொல்லிக்கொண்டிருப்பார். காய்ச்சல் வந்தால் ஷட்டர் இறங்கிவிடும்.

இதற்கு ஒரு மென்பொருளும் வேண்டாம். ஓர் அளவு மக், ஓர் உப்புக் கரண்டி, சுவரில் நாலு வரி. இன்ன கிலோ அரிசிக்கு இன்ன அளவு உளுந்து, இத்தனை மக் தண்ணீர், கோடைக்கு இந்த நேரம், மழைக்கு இந்த நேரம். படம் வரைந்து வைத்தாலும் சரி. புதிதாக வந்தவர் அதைப் பார்த்து, அக்கா வீட்டில் இல்லாத அன்றைக்கும் அதே மாவை எடுக்க முடிந்தால் அதுதான் சிஸ்டம்.

கூடவே, புகாருக்கு என்று ஒரு நோட்டு. ‘மாவு புளிச்சிருச்சு’ என்று யாராவது சொன்னால், அந்தப் பெண்ணைத் திட்டுவதற்கு முன்னால் தேதி, கடை, நேரம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் புகார் முழுக்க ஒரே மெஸ்ஸிலிருந்து வந்திருக்கலாம். ஏன் என்று பார்த்தால், டெலிவரி வண்டி அங்கே கடைசியாகப் போகிறது; உச்சி வெயிலில் மாவு இரண்டு மணி நேரம் வண்டியிலேயே இருக்கிறது. ரூட்டைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. செலவு? ஒன்றுமில்லை. நோட்டு இல்லையென்றால் அந்தப் பெண் வேலையை விட்டே போயிருப்பாள்.

இன்னொரு வேடிக்கை. சரக்கு தீரத் தீர அட்டை காட்டி வரவழைக்கிற ‘கான்பன்’ முறையை டொயோட்டாவின் பெரிய கண்டுபிடிப்பு என்று வகுப்பெடுக்கிறார்கள். அதை உருவாக்கிய டாயிச்சி ஓனோவுக்கு அந்த யோசனையைத் தந்ததே அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகள்தான். அலமாரியில் எது காலியானதோ அதை மட்டும் நிரப்புகிற வழக்கம். ஆக, கார் கம்பெனி கடைக்காரரிடமிருந்து கற்றுக்கொண்டது. நாம் அதைத் திருப்பி வாங்கிக்கொள்வதில் என்ன கூச்சம்? கடைசி உளுந்து மூட்டையின் மேல் ஓர் அட்டையைச் செருகி வையுங்கள். மூட்டையைப் பிரிக்கிறவர் அந்த அட்டையைக் கல்லாவில் போட வேண்டும். கல்லாவில் அட்டை இருந்தால் அன்றைக்கே ஆர்டர்.

ஜாப் ஒர்க் பட்டறைகளில் நஷ்டம் பெரும்பாலும் பழைய டிராயிங்கில்தான் வருகிறது. பார்ட்டி திருத்திய டிராயிங்கை மெயிலில் அனுப்பியிருப்பார். மெஷின் பக்கத்தில் தொங்குவதோ போன மாதத்து டிராயிங். ஒரு லாட் முழுவதும் ரிஜெக்‌ஷன். புதியது வந்ததும் பழையதைக் கிழித்துப் போடுவது, ஃபர்ஸ்ட் பீஸை இன்னொருவர் அளந்து கையெழுத்துப் போட்ட பிறகே மீதியை ஓட்டுவது. இந்த இரண்டு பழக்கத்துக்கு எந்த கன்சல்டன்ட்டும் தேவையில்லை.

பணத்துக்கு வருவோம். கடையின் க்யூஆரும் வீட்டு க்யூஆரும் ஒன்றாக இருக்கிற வரைக்கும், லாபமா நஷ்டமா என்று ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும். அரிசி மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பணம் ஸ்கூல் ஃபீஸாகப் போகும். சீட்டுப் பணம் கரன்ட் பில்லாகப் போகும். மாசக் கடைசியில் வீட்டில் சண்டை. தொழிலுக்குத் தனி அக்கவுன்ட் வைத்து, அதிலிருந்து உங்களுக்கு மாதம் ஒரு சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் உட்காரும் மனைவிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பல வீடுகளில் சம்பளமில்லாத மேனேஜர் அவர்தான்.

பாக்கி வசூலுக்கும் எழுத்துதான் துணை. உத்யம் பதிவு செய்த குறு, சிறு தொழில் ஒன்று சரக்கு கொடுத்தால், 2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பில்லும், பார்ட்டி கையெழுத்துப் போட்ட டெலிவரி சலானும் கையில் இல்லாமல் எந்தச் சட்டத்தைக் காட்டி என்ன கேட்பது?

இதிலும் ஓர் எல்லை உண்டு. ஆடிட் வருகிறது என்றால் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து மூன்று மாதத்து ரெஜிஸ்டரை ஒரே பேனாவில் நிரப்புகிற இடங்களும் நம் ஊரில் இருக்கின்றன. சுவரில் சர்ட்டிஃபிகேட் பளபளவென்று தொங்கும். யாருக்கும் பயன்படாத நோட்டு நேரத்துக்குப் பிடித்த கேடு. மாதக் கட்டணம் கட்டி வாங்கி, ஒரு வாரம் திறந்து பார்த்துவிட்டு மறந்துபோகிற ஆப்பும் அப்படித்தான். எழுதுகிறவருக்கே அது ஒரு வேலையை மிச்சம் பண்ணிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். உங்களுக்கு அதிகமாக போன் வருவது எந்த விஷயத்துக்கு? அந்த ஒன்றை மட்டும் இந்த வாரம் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். உங்கள் கடையில், பட்டறையில், சமையல்கட்டில் இப்படி ஏற்கெனவே ஏதாவது வழக்கம் வைத்திருந்தால், சின்னதாக இருந்தாலும், போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். நல்லவற்றை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்