அந்தியில் அணைந்த காவற் கண்

மின்சாரத்தைப் பற்றிக் கோலார் தங்கவயல் மக்களுக்குப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905ஆம் ஆண்டில். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1902ஆம் ஆண்டு ஜூன் திங்களில், காவிரியின் மின்சாரம் நம் சுரங்கங்களுக்கு வந்துவிட்டது. அப்பெருமை உண்மையே. ஆயினும் அந்த மின்சாரம் வந்த வழியில் அடங்கியிருந்த பாடத்தை நாம் மறந்தோம். மறந்ததனால் ஓர் இளைஞர் மீது வீண்பழி விழக் காரணமானோம். அதனையே இத்திங்கள் அன்பர்களுக்கு எழுதப் புகுந்தோம்.

நாம் குடியிருப்பது ராபர்ட்சன்பேட்டையில், நீண்ட சந்து ஒன்றில் எட்டு வீடுகள் வரிசையாக அமைந்த ஒரு காம்பவுண்டில். எட்டும் தமிழ்க் குடும்பங்களே. பாட்டன்மார் சுரங்க வேலையை நம்பி வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், உழைக்கும் வயதினர் விடியுமுன்னரே எழுந்து இரயிலேறிப் பெங்களூர் செல்வதும், இருட்டிய பின்னர்த் திரும்புவதுமாக வாழ்க்கை அமைந்துவிட்டது. வீட்டிலிருப்போர் முதியோரும் சிறு பிள்ளைகளுமே. ஆகவே பொது வாயிலில் ஒரு காவல் கேமரா இருத்தல் நலம் என்று எண்ணி, எட்டு வீட்டாரும் பணம் சேர்த்து வாங்கினோம்.

இணையத் தொடர்பு கடைசி வீட்டில் இருந்தது. அங்கிருந்து வாயிலுக்குக் கம்பி செல்லும் தூரம் 80 மீட்டர். வாயிலருகே மின்இணைப்பு இல்லை. கேமராவைப் பொருத்த வந்தவர், "ஈதர்நெட் கம்பிக்குள் எட்டு இழைகள் உள்ளன, படம் வருவதற்கு நான்கு போதும். மற்ற நான்கில் மின்சாரத்தை அனுப்பிவிடலாம்" என்றார். கேமராவோடு வந்த 12 வோல்ட் அடாப்டரைக் கடைசி வீட்டில் செருகி, அவ்வாறே செய்தும் கொடுத்தார். படம் கண்ணாடி போல் தெளிவாக வந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி அந்தி வரையில்தான் நீடித்தது. இருட்டியதும் படம் மறைந்தது. விடிந்ததும் தானே வந்தது. மறுநாளும் அப்படியே. கேமரா பழுது என்று கருதி வேறொன்று மாற்றினோம். அதுவும் அந்தியில் அணைந்தது. மூன்றாம் வாரம், வாயிலருகே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று இரவில் களவு போயிற்று. பார்ப்பதற்குப் படம் இல்லை.

அப்பொழுது எழுந்தது பேச்சு. அடாப்டர் இருப்பது கடைசி வீட்டில். அவ்வீட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர், தாயோடு இருக்கிறார். தந்தையார் சுரங்கத் தொழிலாளியாயிருந்து காலமானவர். "இரண்டு கேமராவுமா கெட்டுப்போகும்? இரவில் சுவிட்சை அணைப்பவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையசைத்தனர். நாம் தலையசைக்கவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. அதுவும் பழிக்குத் துணைபோனதே ஆகும்.

இரண்டு நாள் கழித்து அவ்விளைஞரே நம் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, சாயங்காலம் எங்கள் வீட்டில் வந்து உட்காருங்கள். உங்கள் கண்ணாலேயே பாருங்கள்" என்றார். சென்றோம். சுவிட்சை ஒருவரும் தொடவில்லை. அடாப்டரின் சிறு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. மாலை மங்கிய வேளையில் படம் மறைந்தது. நம் தலை குனிந்தது.

உடனே வாயிலுக்கு ஓடினோம். கேமராவினுள் 'டிக்' என்றோர் ஓசை கேட்டது, சிறிது நேரம் அமைதி, மீண்டும் 'டிக்'. அது அணைந்து கிடக்கவில்லை. எழுவதும் விழுவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தது. நாம் மின்பொறியியல் கற்றவரல்லோம். பள்ளியிறுதியோடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்து வேலை பார்ப்பவர். ஆகவே சிக்னல் பிரிவிலுள்ள நண்பர் ஒருவரிடம் மின்னழுத்தம் அளக்கும் மீட்டரோடு வருமாறு வேண்டினோம். மறுநாட் பகலில் அவர் அளந்தார். வீட்டு முனையில் 12 வோல்ட். வாயில் முனையில் 10 வோல்ட். அந்தியில் அளந்தபோது முள் 10இல் நில்லாமல் சரிந்தது, ஏறிற்று, மீண்டும் சரிந்தது. நோய் தெரிந்துவிட்டது.

அவர் விளக்கியதை எளிமையாகக் கூறுவோம். ஈதர்நெட் கம்பியின் இழை தலைமயிர் போல் மெல்லியதன்று எனினும், வீட்டு மின்கம்பியைவிட மிக மெல்லியது. 80 மீட்டர் போய்த் திரும்பும் வழியில், போவதற்கு இரண்டு இழையும் வருவதற்கு இரண்டு இழையுமாக வைத்தால், நல்ல செம்பிலும் ஏறத்தாழ 7 ஓம் மின்தடை உண்டு. பகலில் நம் கேமரா உண்பது 3 வாட். அதற்கு 0.3 ஆம்பியர் ஓடினால் வழியில் 2 வோல்ட் தொலையும். மீதி 10 வோல்ட்டில் கேமரா எப்படியோ காலந்தள்ளும். இருட்டியதும் அது இரவுப் பார்வைக்கு மாறுகிறது. 'டிக்' என்ற ஓசை அதற்காக உள்ளே ஒரு சிறு வடிகட்டி நகரும் ஓசையே. உடனே அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. தேவை 6 வாட்டாகிறது.

இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு. கேமரா தனக்கு வேண்டிய வாட்டைக் குறைத்துக்கொள்வதில்லை. வோல்ட் குறைந்தால் அதிக ஆம்பியரை இழுக்கிறது. அதிகம் இழுத்தால் வழியில் இன்னும் வோல்ட் தொலைகிறது. தொலைந்தால் இன்னும் இழுக்கிறது. கடன் வாங்கி வட்டி கட்டுபவன் கதைதான். கணக்கிட்டால், 12 வோல்ட்டில் அக்கம்பி மறுமுனையில் கொடுக்கக்கூடிய உச்ச அளவே 5 வாட்டுக்குச் சற்று மேல். 6 வாட் என்பது அதனால் இயலவே இயலாது. கேமரா அணைகிறது, சுமை நீங்கியதும் வோல்ட் ஏறுகிறது, கேமரா எழுகிறது, விளக்கை ஏற்றுகிறது, மீண்டும் விழுகிறது. திருடன் வரும் வேளையில் கண் மூடும் காவலாளியை நாமே அமர்த்தியிருந்தோம்!

இதற்கு மருந்து என்ன? அதனைத்தான் நம் முன்னோர் காலத்திலேயே இவ்வூர் கண்டிருக்கிறது. விறகையும் நிலக்கரியையும் எரித்து நீராவியால் இயங்கிய சுரங்கங்களுக்குக் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் கொணரும் திட்டத்தை ஜோலி டி லோட்பினியர் என்னும் பொறியாளர் வகுத்தார். மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் அதனை முன்னின்று நடத்தினார். 1901இல் திவான் காலமானார். மறுவருடமே மின்சாரம் வந்து சேர்ந்தது. இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 92 மைல். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. குறைந்த அழுத்தத்தில் அனுப்பியிருந்தால் வழியிலேயே கம்பியைச் சூடாக்கி மின்சாரம் அழிந்திருக்கும். ஆகவே அருவியடியில் மின்மாற்றிகளால் 30,000 வோல்ட்டுக்குக் குறையாமல் உயர்த்தி அனுப்பினர். இங்கு வந்ததும் இறக்கிக்கொண்டனர். அழுத்தம் உயர்ந்தால் அதே வாட்டுக்கு ஓட்டம் குறையும். ஓட்டம் பாதியானால் வழியிழப்பு காற்பங்காகும். நாம் அன்றாடம் ஏறும் பெங்களூர் இரயிலின் தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி செல்வதும் இக்காரணம் பற்றியே.

சிவசமுத்திரத்துக்கு 92 மைல். நமக்கு 80 மீட்டர். நியதி ஒன்றே. ஈதர்நெட் கம்பியிலேயே மின்சாரம் அனுப்புவதற்கென்று 2003ஆம் ஆண்டில் உலகப் பொது முறையொன்று வகுக்கப்பட்டது. அதனைச் சுருக்கமாகப் பி.ஓ.இ. என்பர். அதில் அனுப்பும் அழுத்தம் ஏறத்தாழ 48 வோல்ட். பழைய தொலைபேசி நிலையங்கள் தம் மின்கலங்களிலிருந்து வீட்டுத் தொலைபேசிகளுக்கு ஊட்டியதும் ஏறக்குறைய இதே அழுத்தமே. வீட்டில் மின்சாரம் நின்றாலும் தொலைபேசி பேசியது அதனால்தான். 12ஐ 48 ஆக்கினால் ஓட்டம் நான்கில் ஒரு பங்கு. வழியிழப்போ பதினாறில் ஒரு பங்கு! நம் கேமராவின் 6 வாட்டுக்கு 0.125 ஆம்பியரே போதும். 80 மீட்டரில் தொலைவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு.

அவ்வாறே செய்தோம். வீட்டு முனையில் 'இன்ஜெக்டர்' என்னும் சிறு பெட்டி 48 வோல்ட்டை ஏற்றுகிறது. வாயில் முனையில் 'ஸ்பிளிட்டர்' என்னும் பெட்டி அதனை 12ஆக இறக்கிக் கேமராவுக்குக் கொடுக்கிறது. சிவசமுத்திரத்தில் ஒரு மின்மாற்றி, தங்கவயலில் ஒரு மின்மாற்றி என்பது போலத்தான். இரண்டுக்கும் சேர்ந்து ஆன செலவு, மாற்றி வாங்கிய கேமராவின் விலையிற் சிறு பகுதியே. கம்பியை மாற்றவில்லை, கேமராவையும் மாற்றவில்லை. அன்றிரவு முதல் படம் மறைந்ததில்லை.

தம் வீட்டில் இவ்வேலை செய்ய விரும்பும் அன்பர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, கேமராவின் பெட்டியில் அச்சிட்டுள்ள இரவு வாட்டைப் பாருங்கள். பகலில் ஓடுகிறது என்று ஏமாறாதீர்கள். 2003ஆம் ஆண்டு முறையில், 100 மீட்டருக்கு அப்பாலுள்ள கருவிக்கு ஏறத்தாழ 13 வாட் வரை கிட்டும்.

இரண்டாவது, பொதுமுறைப்படி அமைந்த இன்ஜெக்டரையே கேட்டு வாங்குங்கள். அது முதலில் மிகச் சிறு அழுத்தத்தால், 'மறுமுனையில் இதை ஏற்கும் கருவி உண்டா?' என்று சோதித்து, உண்டு என்றறிந்த பின்னரே 48 வோல்ட்டை விடும். மலிவான சில பெட்டிகள் கேளாமலே விட்டுவிடும். 12 வோல்ட் கருவி நேரே மாட்டியிருந்தால் கருகிப்போகும்.

மூன்றாவது, கம்பி முழுச் செம்பா என்று பாருங்கள். இழையைக் கத்தியாற் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரியுமாயின், அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

நான்காவது, 100 மீட்டரைத் தாண்டாதீர்கள். தாண்டினால் மின்சாரம் மட்டுமன்று, படமும் தடுமாறும். இடையில் 'எக்ஸ்டெண்டர்' வைக்கலாம். அதுவும் தன் பங்கு வாட்டை உண்ணும் என்பதைக் கணக்கிற் சேர்க்க வேண்டும். மிகத் தொலைவாயின், படத்துக்கு ஒளியிழைக் கம்பியும் மின்சாரத்துக்கு அவ்விடத்திலேயே தனி இணைப்பும் கொள்வதே நன்று.

ஐந்தாவது, வெயிலும் மழையும் தாங்கும் வெளிப்புறக் கம்பியே வேண்டும். இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் வைத்து, கம்பி நுழையுமிடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். இடிமழைக்கு மின்னல் தடுப்பானும் நல்ல எர்த்தும் அவசியம். வீட்டு முனையில் ஒரு யு.பி.எஸ். இருந்தால், மின்வெட்டிலும் வாயிற் கேமரா விழித்திருக்கும்.

இது நிற்க. அடுத்த ஞாயிறு எட்டு வீட்டாரும் கூடினோம். மீட்டரைக் காட்டி நடந்ததை விளக்கினோம். பின்னர் அவ்விளைஞரிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். அவர் புன்னகைத்து, "பரவாயில்லை அண்ணே" என்றார். அவருடைய தாயார் மட்டும் சிறிது நேரம் பேசாதிருந்து, "என் பிள்ளையைப் பற்றி எட்டு வீட்டிலும் பேசினீர்கள், தம்பி. ஒருவராவது எங்கள் வாசலில் வந்து கேட்டிருக்கலாமே" என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை, இன்றும் இல்லை.

களவு போன வண்டி திரும்பவில்லை. திருடன் யார் என்பதும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே: பிழை இருந்தது கம்பியில், நாம் அதனை மனிதரிடத்தில் தேடினோம். பிழைப்புக்காக வந்த ஊரில் ஒருவருக்கொருவர் காவலாய் இருந்தே நம் பெரியோர் நம்மை வளர்த்தனர். கேமரா அக்காவலுக்குத் துணையாகலாம், ஈடாகாது.

அடுத்த திங்கள், மழைக்கு முன் வீட்டு எர்த் கம்பியைச் சோதித்துக்கொள்ளும் முறை பற்றி எழுதுவோம்.